தனபாலன் சிரித்த பக்கம்

தனபாலனுக்குப் படத்தில் சிரிக்கத் தெரியாது. கல்யாண ஆல்பத்தில்கூட ஐசி அடையாள அட்டைக்குப் படம் எடுக்க உட்கார்ந்தவர்போல முறைத்துக்கொண்டிருப்பார். மனிதர் வாய்விட்டுச் சிரித்த ஒரே படம், அவர் வேலை பார்த்த நியாலாஸ் ஊர்ப் பக்கத்து மின்நிலையம் வருஷா வருஷம் அச்சடிக்கும் சுற்றுச்சூழல் அறிக்கையில் இருந்தது. எண்ணெய் பிழிந்த செம்பனைச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் அது. படம் எடுத்தவருக்குப் பின்னால் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றவள் அவர் மனைவி மங்களம். அவளைப் பார்த்துத்தான் அந்தச் சிரிப்பு.

மூன்று வருஷத்துக்கு முன் அங்கேயே பாய்லர் ஏணியிலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தார். படம் மட்டும் அறிக்கையில் வருவது நிற்கவில்லை. கீழே 'வேலையிட மரணம்: 0' என்றிருக்கும். அந்த வரியை மடித்து மறைத்துவிட்டு, பக்கத்தைச் சாமி மேடையில் வைப்பாள் மங்களம். வருஷத்துக்கு ஒருமுறை புருஷன் வீடு திரும்புவதாகவே அவளுக்கு நினைப்பு. பைத்தியக்கார நினைப்புதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த முறை அறிக்கை தயாரிக்கும் திவ்யதர்ஷினி வீட்டுக்கே வந்தாள்.

"ஆன்டி, அங்கிள் படத்த அட்டையிலயே போடப்போறாங்க. நீங்க ஓகே சொன்னா போதும்லா."

மங்களத்துக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனால் மடித்து வைத்த வரி உறுத்தியது.

"போடும்மா. அந்தக் கோசோங்க, அதான் அந்தச் சைபர, மட்டும் ஒண்ணாக்கிடு."

"அங்கிள் கன்ட்ராக்ட் ஆளு, ஆன்டி. கம்பெனி கணக்குல வரமாட்டாரு."

"செத்ததுக்குக் கம்பெனிதானே காசு குடுத்துச்சு? காசு கணக்குல இருக்கும். ஆளு இல்லியா?"

திவ்யதர்ஷினி நல்ல பிள்ளை, கேள்வியை அப்படியே ஆடிட்டரிடம் சேர்த்தாள். நிதிக்கணக்கும் அறிக்கையும் ஒத்துப்போகாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவர் ஒரே பிடியாக நின்றார்.

இரண்டு மாதம் கழித்துப் புதிய அறிக்கையோடு வந்தாள். அட்டையில் ஒரு மரக்கன்று. உள்ளே, பழைய கணக்கின் திருத்தமாக, மரணம்: 1.

"ஒண்ணு போட்டுட்டாங்க, ஆன்டி. ஆனா இறந்தவரு சிரிக்கிற மாதிரி போட்டா நல்லாருக்காதுன்னு படத்த எடுத்துட்டாங்க. உங்களுக்குன்னு பெருசா பிரிண்ட் பண்ணி கொண்டாந்திருக்கேன்."

மங்களம் அந்த ஒன்றை விரலால் தடவிப் பார்த்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. படத்தையும் வாங்கிக்கொண்டாள், அவளைப் பார்த்துச் சிரிக்கும் அதே முகம். அதைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அப்ப, அடுத்த வருஷம் வரமாட்டாரு இல்ல?"