மாரித்தாய்க்கு வலிக்காது

சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்தில் மழையில் சறுக்கி விழுந்த நாளிலிருந்து, ஒன்பது வருஷமாக, மாரித்தாய்க்கு இடுப்பு வலி. தேனிக்குப் போய் எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். தேய்மானம் என்றார்கள். மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதே தவிர இடுப்பை அசைக்கவில்லை. அதன் பிறகு அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள்.

வலியைப் பற்றி வாயே திறப்பதில்லை. வெளியே சொல்வது அதற்குச் சோறு போட்டு வளர்ப்பது மாதிரி என்பது அவள் கட்சி. கொழுந்து வெட்டும் கத்தரியோடு நிரையில் இறங்கும்போது, 'இந்த நிரை முடியட்டும், பொறவு பேசிக்கிடுவோம்' என்று வலியிடம் தவணை சொல்வாள். அடுத்த நிரையிலும் அதே தவணைதான். வெட்டுக்கு வெட்டு மாரியாத்தா பெயர். வலி போகவில்லை, ஆனால் வாலைச் சுருட்டிக்கொண்டு கூடவே வரப் பழகிவிட்டது. எந்தச் சாமியாரும் கற்றுத் தராமல் இவ்வளவு தூரம் வந்தது பெரிய காரியம்தான்.

புருஷன் பெரியமுத்துவுக்கு வாய் சும்மா இருக்காது. அவள் வலியென்று சொல்லாததால் வலி போய்விட்டது என்று தீர்மானித்து, ஆத்தா குணமாக்கிவிட்டாள் என்று தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயம் முழுக்கச் சொல்லிவிட்டான். டீக்கடையில் யாராவது முதுகைப் பிடித்தால் போதும், "எம்பொண்டாட்டியப் பாருங்கப்பா" என்று ஆரம்பிப்பான். அவளும் மறுக்கவில்லை. மறுத்தால் வலியைப் பற்றிப் பேச வேண்டி வரும்.

இந்தச் சித்திரையில் இடது காலும் மரத்துப்போய், சரிவில் நிற்க முடியாமல் போயிற்று. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம். முடியாதவர்களுக்கு நர்சரியில் உட்கார்ந்து பையில் மண் நிரப்பும் லைட் வேலை உண்டு. தோட்டத்து டாக்டர் எழுதித் தர வேண்டும். எழுதாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். வேலை போனால் லயத்து வீடும் போகும். பெரியமுத்து ஓய்வு பெற்றவன். வீடு இவள் வேலையில்தான் நிற்கிறது. போடிமெட்டுக்குக் கீழே, தமிழ்நாட்டுப் பக்கம், அவர்களுக்கு ஒரு சாண் இடம் கிடையாது.

டிஸ்பென்சரிக்குப் புதிதாக வந்திருந்த மலையாளி டாக்டர் டின்சி குனியச் சொன்னார். மாரித்தாய் குனிந்தாள். பழக்கதோஷம், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"வேதனை உண்டோ அம்மா?"

"தாங்கிக்கிடலாம் டாக்டரம்மா."

கூட வந்திருந்த சூப்பர்வைசர் பாண்டீஸ்வரன் போனில் ஒரு வீடியோவைப் போட்டு டாக்டரிடம் நீட்டினான். போன வாரம் மாரியம்மன் கோயில் திருவிழா. மஞ்சள் சேலையில் மாரித்தாய், கையில் எரிகிற தீச்சட்டி, கோயிலை மூன்று சுற்று.

"கோவிச்சுக்கிடாதீங்கக்கா. அண்ணன் வாட்சப் குரூப்புல போட்டதுதான். நாளைக்கு மேல உள்ளவங்க என்னயத்தான் கேப்பாங்க."

பின்னால் பெஞ்சில் இருந்த பெரியமுத்து பெருமையோடு எழுந்தான். "அது ஆத்தா சக்தி டாக்டரம்மா. அவளுக்கு வலியே கெடையாது. காலுதான் கொஞ்சம் மரத்துப்போச்சு."

கெடுத்தான் காரியத்தை. டாக்டர் பேனாவை மூடினார்.

"வலியில்லைன்னு வீட்டுக்காரரே பறையிறார். நான் பின்ன என்ன எழுதறது?"

மாரித்தாய்க்குப் பயம் வந்தது. ஒன்பது வருஷமாகக் கட்டிய வேலி. இன்று பிரித்தால் நாளைக்கு மறுபடி கட்ட முடியுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. சொன்னால் ஆத்தாளுக்குக் குறைச்சல் வருமோ என்றும் இருந்தது. சொல்லாவிட்டால் வீடு போகும்.

"வலிக்கி," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "சட்டி எடுத்த அன்னைக்கும் வலிச்சது. கொணமாக்குன்னு நான் எடுக்கலை. தாங்குற தெம்பப் பறிச்சிராத தாயேன்னுதான் எடுத்தேன். இப்ப நீங்க குனியச் சொன்னப்ப உசுரு போயிட்டு வந்துச்சு."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. பாண்டீஸ்வரன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். டாக்டர் அவளை உட்காரவைத்து, சிறு சுத்தியலால் காலைத் தட்டிப் பார்த்தார். வலது கால் துள்ளியது, இடது கால் சும்மா தொங்கியது. சீட்டில் எழுதினார். மூன்று மாதம் நர்சரி. அப்புறம் திரும்ப வந்து காட்ட வேண்டும்.

வெளியே வந்தும் பெரியமுத்து நடக்காமல் நின்றான்.

"தெனமுமா?" என்றான்.

"தெனமும்."

"நான் பக்கத்துல படுத்துருக்கையிலயுமா?"

"அப்பத்தான் ரொம்ப."