கோயில் மெசின்

ருவான்வெல்லை பஸ் நிலையத்துக்குப் பின்னால், மஹ்ரூப் நானாவின் கராஜில் பழனிமுத்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். மரம் அரியும் மெசின் ஒவ்வோர் இழுப்புக்கும் தொண்டையைச் செருமியது. பேச மட்டும் மறுத்தது. தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மஹ்ரூப் நானா பழைய டயர்மேல் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தபடி, அது பேசாததற்குக் காரணம் மெசினா ஆளா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மெசினை விற்ற, பலகை வியாபாரம் செய்யும் மரக்காலை முதலாளி, ஜப்பான்காரனே கண்ணீர் விட்டுத்தான் இதைக் கப்பலில் ஏற்றியிருப்பான் என்கிற மாதிரி பேசியிருந்தார். அவர் கையில் அது ஒரே இழுப்பில் உறுமவும் செய்தது. பதிலுக்குச் செவலைப் பசுவை அவிழ்த்துக்கொண்டார். அது சினைப்பசு. வயிற்றில் இருந்ததற்கு அவர் தனி விலை பேசவில்லை.

பழனிமுத்துவுக்கு வேறு வழி தெரியவில்லை. அவன் பால் வெட்டும் ரப்பர் மலை கிழடாகிவிட்டது. மரங்களைச் சாய்த்துப் புதுக்கன்று வைக்கப் போவதாகக் கம்பனி சொல்லிவிட்டது. கன்று பெரிதாகிப் பால் தரும்வரை பால்வெட்டிகளுக்குப் புல்வெட்டு வேலைதான். அதுவும் மாதத்தில் பாதி நாள் கிடைத்தால் பெரிய விசயம். ஆனால் சாயும் மரத்தில் அடிமரம் மட்டுமே பலகைக்குப் போகும். கொப்புக் கிளைகளையெல்லாம் விறகாக அறுத்துத் தேயிலை ஃபெக்டரிக்கும் பேக்கரிக்கும் ஏற்றலாம். மெசின் உள்ளவனுக்குத்தான் அந்தக் குத்தகை வேலை, அந்தக் கொந்தரப்பு.

மஹ்ரூப் நானா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். காவி நிறத்தில் தண்ணீரும் மரத்தூளும் வந்தன. பிளக் வெற்றிலைக்காரன் பல்லைப்போலக் கறுத்திருந்தது. முந்தினவன் எண்ணெய் கலக்காமல் வெறும் பெட்ரோலில் ஓட்டியிருக்கிறான் என்றும், பிஸ்டன் பிழைத்திருப்பது அல்லாவின் காவல் என்றும் சொன்னார். கடைசியாகச் சங்கிலியைக் கையில் எடுத்தவர் ஒரு பல்லை நகத்தால் தடவிப்பார்த்துச் சிரித்தார்.

"இத யாரு தீட்டினது?"

பழனிமுத்து கொஞ்சம் பெருமையாகத்தான் நின்றான். பால்வெட்டுக் கத்தி தீட்டுவதில் அவனை மிஞ்ச அந்த மலையில் ஆளில்லை. மெசினை வாங்கிவந்த கையோடு, சங்கிலியின் ஒவ்வொரு பல்லையும் அதே பதத்துக்குத் தாள்போலத் தீட்டிவைத்திருந்தான்.

"தம்பி, இதால சவரம் செய்யலாம். மரம் வெட்ட ஏலாது. இது ஒங்கட பால் வெட்ற கத்தியா? மரத்துல பட்டதும் பல்லெல்லாம் மடங்கிரும்."

கராஜில் கிடந்த வேறொரு பழைய சங்கிலியை மாட்டிக்கொடுத்து, அரத்தை எந்தச் சாய்வில் பிடிப்பது, எந்தப் பல்லையும் மற்றதைவிடக் கூடுதலாக உராயாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று காட்டினார். ரப்பர் பால் சங்கிலியில் பசையாக ஒட்டும், வேலை முடிந்ததும் மண்ணெண்ணெயில் கழுவு என்றார். பிறகு கார்புரேட்டரை மாட்டி, அதன் திருகாணி இரண்டையும் முன்னும் பின்னுமாகத் திருப்பி, காதைச் சாய்த்துக் கேட்டு, ஓரிடத்தில் நிறுத்தினார். அடுத்த இழுப்புக்கு மெசின் கத்தியதில் கூரையில் இருந்த காகங்கள் பஸ் நிலையத்துக்குக் குடிபெயர்ந்தன. கூலியைப் பிறகு விறகாகப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டார்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் மெசின் இருந்த உரச்சாக்கைப் பிரிக்கச் சொன்னார்கள். விறகு வெட்டுகிற மெசின், மாத்தயா, என்று பழனிமுத்து சிங்களத்தில் மன்றாடினான். ராணுவக்காரன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சந்தேகம் தீர ஒரு வழியும் கண்டுபிடித்தான். சாவடிக் கூரையில் சாய்ந்திருந்த பலாக்கிளையை அறுக்கச் சொன்னான். மெசினின் முதல் வேலை அரசாங்கத்துக்கு இலவசமாக நடந்தேறியது.

தோட்டத்தில் தொழிற்சங்கத்துக்கும் கோயிலுக்கும் நாகலிங்கம்தான் தலைவர். இரண்டு பதவிக்கும் அடையாளமாகச் சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். எதிலும் மை இருந்து யாரும் பார்த்ததில்லை. ஒருவனிடம் பேசும்போதும் அவனுக்குப் பின்னால் ஆயிரம் பேர் நிற்பதுபோலப் பார்வையை ஓட்டித்தான் பேசுவார். மெசின் வந்த செய்தி கேட்டு, பழனிமுத்து குடியிருந்த தொழிலாளர் வரிசைக்கு, லயத்துக்கே நடந்து வந்துவிட்டார். அவர் நடந்து வருவதே ஒரு கௌரவம் என்பதால், வாசலில் நாற்காலி போட பழனிமுத்துவின் பெண்சாதி அன்னலட்சுமி பக்கத்துக் காம்பரா வீட்டில் இரவல் வாங்க வேண்டியிருந்தது.

"தோட்டத்துப் பெரிய துரைகிட்ட பேசிட்டேன், பழனிமுத்து. லயத்து ஆளுக்குத் தனியா கொந்தரப்பு குடுக்க கம்பனி விடாதாம். கோயிலுக்குன்னா குடுப்பாரு. பேருக்குத்தான் கோயில் மெசின். ஓட்டுறது நீ, காசும் ஒனக்குத்தான். அம்மாளுக்கு ஏதோ நீயா பாத்துச் செய்யி."

அவர் போன பிறகு அன்னலட்சுமி நாற்காலியைத் திருப்பிக் கொடுக்கத் தூக்கினாள்.

"பேருக்குத்தான்னா, அவரு பேருல கேக்குறதுதானே?"

"சாமி பேருடி. சாமி எறங்கி வந்து மெசினத் தூக்கிக்கிட்டா போகப்போவுது?"

வெள்ளிக்கிழமை கோயிலில் வாழைமரம் கட்டினார்கள். ஒலிபெருக்கியில் காலையிலிருந்தே அம்மன் பாட்டு. மெசினைக் கழுவிச் சந்தனம் பூசி மண்டபத்தில் வைத்தார்கள். அதற்கு முன்பே அதன் டாங்கியில் 'ஸ்ரீ முத்துமாரியம்மன்' என்று சிவப்பு மையில் எழுதியாகிவிட்டது. தலைவர் பாட்டாளி மக்களின் வீரத்தில் தொடங்கி, ஆதிகாலத்தில் மனிதன் கல்லால் மரம் வெட்டிய கதைக்குப் போய், தன்னுடைய தகப்பனாரின் நற்குணங்கள் வழியாக மெசினுக்கு வந்து சேர்ந்தபோது பொங்கல் ஆறிவிட்டிருந்தது.

பிறகு பழனிமுத்துவை மேலே கூப்பிட்டுப் பரிவட்டம் கட்டினார். மாலை போட்டார். மைக்கைக் கையில் கொடுத்து, பின்னால் நின்று காதோடு சொல்லிக்கொடுத்தார். பழனிமுத்து ஒவ்வொரு வார்த்தையாக அதைத் திருப்பிச் சொன்னான்.

"இந்த மெசின... அம்மாளுக்கு... மனசார... ஒப்படைக்கிறேன்."

அவன் குரல் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. பிறந்ததிலிருந்து கங்காணி கூப்பிட்டால் "ஆமாங்க" என்று மட்டுமே சொன்ன குரல். பெண்கள் குலவையிட்டார்கள். அவனுக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. மாலையைக் கழற்ற மனம் வராமல் லயம்வரைக்கும் போட்டுக்கொண்டே நடந்தான்.

மரம் சாயத் தொடங்கியது. தான் பால் வெட்டிய மரங்களின் கிளைகளை அவனே அறுத்தான். மெசின் சொன்னபடி கேட்டது. மாலையில் அதை மண்ணெண்ணெயில் கழுவிக் கோயிலில் கொண்டுபோய் வைக்க வேண்டும், கோயில் சாமான் லயத்தில் இருந்தால் துரை கேட்பார் என்று தலைவர் சொல்லியிருந்தார். கள்ளன் பயம் இல்லை என்று பழனிமுத்துவும் நினைத்துக்கொண்டான். லொறிகள் நிறைந்து போயின. அவன் பேருக்கு மற்றக் கூலியாட்களைப்போல நாள் சம்பளம் விழுந்தது. மிச்சத்தைக் கேட்டபோது, கணக்கு முடியட்டும் என்றார் தலைவர்.

கணக்கு முடியவில்லை. தலைவரின் அக்காள் மகன் கிருஷ்ணராஜ், கொழும்புக் கடைவேலையை விட்டு வந்து சேர்ந்தான். அடுத்த நாள் காலை பழனிமுத்து மலைக்குப் போனபோது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மெசினோடு நின்றவன் அவன்தான். கோயில் கமிட்டி தீர்மானமாம்.

பீலிக்கரையில் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் தலைவர் அந்த வழியாக வந்தார். பழனிமுத்து குறுக்கே போய் நின்றான்.

"தலைவரே, அது என்னோட மெசின். மாட்டக் குடுத்து வாங்குனது."

 நாகலிங்கம் அவனுக்குப் பின்னால் நின்ற ஆயிரம் பேரைப் பார்த்தார். இந்த முறை உண்மையாகவே பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள்.

"கேட்டுக்கிட்டீங்களா? அம்மாளுக்கு ஒப்படைச்சதத் திருப்பிக் கேக்குறாரு."

 குடத்தோடு நின்ற மூக்காயி கன்னத்தில் போட்டுக்கொண்டு, வேண்டாமப்பா, பிள்ளைகுட்டிக்காரன், அம்மாளோடு விளையாடாதே என்றாள். பழனிமுத்து ஐயாவுவைப் பார்த்தான். அடுத்த நிரையில் பால் வெட்டியவன். பசுவை மரக்காலைக்கு ஓட்டிப்போனபோது பின்னால் கம்பு பிடித்து நடந்தவன். பசு திரும்பித் திரும்பிப் பார்த்ததையும், பழனிமுத்து மூக்கைச் சிந்தியதையும் கண்டவன்.

"ஐயாவு, நீ சொல்லுடா."

ஐயாவு முதுகைச் சொறிந்தான். கிருஷ்ணராஜ் அறுக்கும் விறகை லொறிக்குத் தூக்கும் ஆட்களில் முந்தின நாள்தான் அவனையும் சேர்த்திருந்தார்கள்.

"நீதானப்பா மைக்குல சொன்ன."

ஆபீசுக்கும் போய்ப் பார்த்தான். துரை வெளியே வந்து, அவன் சொன்னதை முழுக்கக் கேட்டார். கம்பனி எல்லா மதத்தையும் மதிக்கிறது, கோயில் காரியத்தில் ஒருபோதும் தலையிடாது என்று நல்ல தமிழில் சொன்னார். அதைச் சொல்லும்போது, தன் பெருந்தன்மை அவருக்கே பிடித்திருந்தது தெரிந்தது.

புல்வெட்டிலும் ஆள் குறைத்தார்கள்.  ஒருநாள் அன்னலட்சுமி வெறும் தேத்தண்ணீரை அவன் முன்னால் வைத்துவிட்டு, மெசினுக்குப் பின்னால் பெட்ரோல் கேன் தூக்க ஆள் தேடுகிறார்களாம் என்றாள். யாரிடமோ சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பழனிமுத்து கேனோடு கோயிலுக்குப் போனான். பூசை முடிந்தால்தான் மெசின் வெளியே வரும். பூசாரி கேனை வெளியே வைக்கச் சொன்னார். செருப்பைக் கழற்றிக் கால் கழுவி உள்ளே போனவனை, கமிட்டிக்காரர்களுக்கு வழிவிட்டுப் பின்னால் நிற்கச் சொன்னார். கிருஷ்ணராஜ் முன்வரிசையில் திருநீறு துலங்க நின்றான். மெசினுக்குப் புதிதாகச் செவ்வரளி மாலை சாத்தியிருந்தார்கள்.

மணி அடித்தது. சூடத்தை முதலில் அம்மாளுக்குக் காட்டினார்கள், பிறகு மெசினுக்கு. தட்டு வரிசையாக வந்து கடைசியில் அவனிடம் வந்தபோது சுடர் அணைகிற மாதிரி சிறுத்திருந்தது. பழனிமுத்து இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கேனை எடுக்க வெளியே நடந்தான்.