பூவாடைக்காரி

புகுந்த வீட்டில் நீலாம்பாள் முதலில் கும்பிட்டது கணவனின் முதல் மனைவியைத்தான். கூடத்துச் சுவரில் மாலை போட்ட படமாக இருந்தாள் அவள். பெயர் ரேணுகாம்பாள். இடது புருவத்தை இரண்டாக வெட்டியதுபோல் ஒரு தழும்பு. மஞ்சள் குங்குமத்தோடு போனவள், பூவாடைக்காரியாக, வீட்டுத் தெய்வமாக இங்கே இருக்கிறாள், அவளுக்குப் படைத்த பிறகுதான் நீ புதுப்புடவை கட்ட வேண்டும் என்று தணிகாசலம் தணிந்த குரலில் சொன்னான். தங்கையைக் கொண்டுவிட வந்த அப்பாதுரையும் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, என் தங்கச்சியைப் பார்த்துக்கொள் தாயே என்று வேண்டிக்கொண்டான்.

தணிகாசலம் பெரிய காஞ்சிபுரத்தில் சரிகைக் கடை வைத்திருந்தான். முன்பு ஐயம்பேட்டையில் இருந்தான். பாலாற்றில் வெள்ளம் வந்த வருஷம் ரேணுகாம்பாளை ஆறு கொண்டுபோய்விட்டது, உடல்கூடக் கிடைக்கவில்லை, துக்கம் தாங்காமல் அந்த ஊரையே விட்டு வந்துவிட்டான் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவன் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. இப்படி ஒரு புருஷன் வாய்க்க வேண்டுமே என்று பக்கத்து வீடுகளில் நீலாம்பாளிடம் சொல்வார்கள்.

முதல் தடவை அது நடந்தது ஒரு மதிய வேளையில். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து கையைக் கழுவினான். துண்டில் துடைத்துக்கொண்டான். பிறகு அவள் முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். எல்லாம் முடிந்ததும் தரையில் உட்கார்ந்து அழுதான்.

"நான் அடிக்கல நீலா. அவ எம்மேல வந்து அடிக்கிறா. அவ மனசு நோவுற மாதிரி நீ இன்னா செஞ்ச, யோசிச்சுப் பாரு."

நீலாம்பாள் யோசித்தாள். அன்று காலையில் ரேணுகாம்பாளின் பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுத்திருந்தாள். அதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. படத்துக்கு முன்னால் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். அடுத்த முறை, வாசலில் நின்று சத்தமாகச் சிரித்ததுதான் காரணம் என்று தோன்றியது. அதற்கடுத்து, கண்ணாடி பார்த்தது. ஒவ்வொன்றாக விட்டுவிட்டாள். குடத்தைத் தொடுவதில்லை, சிரிப்பதில்லை, பூ வைப்பதில்லை. அப்படியும் செத்தவளின் கோபம் தீரவில்லை. கூடத்தைக் கடக்கும்போது படத்துக் கண்கள் முதுகில் ஊர்வதுபோல் இருக்கும். அடுப்படியில் நின்றால் பின்னால் புடவை உரசும் சத்தம் கேட்கும். திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள்.

தெருவின் இரண்டு பக்கமும் தறிகள். காலையில் எழும் சத்தம் அந்தி வரைக்கும் ஓயாது. அவள் கத்தியிருந்தாலும் யார் காதிலும் விழுந்திருக்காது. ஆனால் அவள் கத்தவில்லை. கத்தினால் செத்தவளுக்கு இன்னும் கோபம் வரும் என்று பயந்தாள். ஒரே ஒரு முறை அண்ணியிடம் சொன்னாள். அண்ணி பதறிப்போய்க் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்த கயிறு கட்டிவிட்டாள். முதல் தாரத்து ஆவி அப்படித்தான் படுத்தும், மாப்பிள்ளையை நோகக் கூடாது என்று அண்ணனும் சொன்னான்.

அண்ணன் குழந்தைக்குக் காது குத்த நீலாம்பாள் திருமுக்கூடலுக்குப் போனபோது வலது மணிக்கட்டு வீங்கிக் கோணியிருந்தது. கிணற்றடியில் வழுக்கிவிட்டது என்றாள். எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்ததும் அப்பாதுரை அவளைச் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுவந்து சேர்த்தான். மறுபடி முறித்துக் கட்டினார்கள். சில நாள் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள்.

இரண்டாம் நாள் காலை, வார்டைத் துடைக்க ஒரு ஆயாம்மா வந்தாள். வாளியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். இடது புருவத்தில் அந்தத் தழும்பு.

நீலாம்பாள் கட்டிலோரத்துக்கு ஒதுங்கினாள். இங்கேயும் வந்துவிட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தினமும் படத்துக்கு முன்னால் சொல்வதைச் சொல்லத் தொடங்கினாள். "ரேணுகாக்கா, தெரியாம செஞ்சிருந்தா மன்னிச்சிடு. ரேணுகாக்கா, இனிமே செய்யமாட்டேன்."

ஒரு கை அவள் தோளில் விழுந்தது. சூடான கை. பினாயில் வாசனை அடித்தது.

"இந்தப் பேரு உனக்கு யாரும்மா சொன்னாங்க? இங்க என்னை மேரின்னுதான் எல்லாரும் கூப்பிடுறாங்க."

நீலாம்பாள் சொல்லச் சொல்ல அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள், "கிணத்தடில வழுக்கிச்சின்னு சொல்லச் சொன்னாரா?"

நீலாம்பாள் தலையசைத்தாள்.

"அமாவாச அன்னிக்கு அடிப்பாரா?"

அமாவாசையில் நெசவாளர்களுக்கு வேலை கிடையாது; தெருவே அமைதியாகிவிடும். அன்றைக்கெல்லாம் தணிகாசலம் பூ வாங்கி வருவான், தாழ்ந்த குரலில் கதை பேசுவான். ஒரு அமாவாசையில்கூட அவன் கை ஓங்கியதில்லை என்பது நீலாம்பாளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆவிக்கு ஏத்த நாளே அமாவாசதானேம்மா. அன்னிக்கு மட்டும் ஏன் வரல? தறி ஓடுற சத்தம் ஆவிக்கு எதுக்கு? ஐயம்பேட்டையிலயும் தறி ஓடுறப்பதான் எனக்கு விழும். அப்ப அவருமேல வந்தது செத்துப்போன அவுங்கம்மா."

ரேணுகாம்பாள் ஆற்றோடு போகவில்லை. ஒரு நாள் கட்டின புடவையோடு வீட்டை விட்டு வந்துவிட்டாள். பட்டம்மாள் என்ற நர்ஸ் அவளைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் வேலையும் வாங்கிக் கொடுத்தாள். மனைவி ஓடிப்போனாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, வெள்ளம் கொண்டுபோனதாக அவன் ஊரை நம்பவைத்து ஈமக்கடனும் முடித்தது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. செத்தவளை யாரும் தேடி வரமாட்டார்கள் அல்லவா. அவள் அமைதியாகத் தூங்கியதே அந்தச் செய்தி வந்த பிறகுதான்.

அன்றைக்குப் போனவள் மறுநாள் வார்டுக்கு வரவில்லை. உன் புருஷன் உன்னைப் பார்க்க வருவான் என்று பயப்படுகிறாள் என்று பட்டம்மாள் சொன்னாள். நீலாம்பாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஆவி என்று நினைத்திருந்தவரை அதை எப்படியாவது சாந்தப்படுத்திவிடலாம் என்ற நம்பிக்கை இருந்தது. ஆவி இல்லையென்றால், கழுவித் துடைத்துக்கொண்டு வந்து அவள் மணிக்கட்டை முறுக்கியது அவன் கை மட்டும்தான். ஆவியைவிட அதுதான் அவளை நடுங்க வைத்தது.

நோயாளிகளைப் பார்க்கும் நேரத்தில் தணிகாசலம் வந்தான். மல்லிகைப் பூவும் ஆரஞ்சுப் பழமும் கொண்டுவந்திருந்தான். டாக்டரிடம் கைகட்டி நின்று பேசினான். அழைத்துப்போக வண்டி வைத்திருப்பதாகச் சொன்னான். நீலாம்பாள் வரமாட்டேன் என்றாள். அவ்வளவு மெல்லிய குரலில் சொன்னதால் கட்டிலருகே நின்ற அப்பாதுரைக்கு இரண்டாம் முறைதான் கேட்டது. ஊர் சிரிக்கும் என்று அவன் தங்கையை அதட்டினான். முதல் தாரத்தின் தொந்தரவு, பரிகாரம் செய்துவிடலாம் என்று தணிகாசலம் வருத்தத்தோடு சொன்னான்.

அப்போது பட்டம்மாளோடு ரேணுகாம்பாள் உள்ளே வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

தணிகாசலம் அவளைப் பார்த்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "யாரு இந்தம்மா?" என்று சாந்தமாகக் கேட்டான்.

"நான் செத்தவ," என்றாள் ரேணுகாம்பாள். "உன்னால எனக்கும் இதே கைதான் ஒடிஞ்சுது."

பைத்தியம் போலிருக்கிறது, வெளியே அனுப்புங்கள் என்று அவன் நர்ஸிடம் சொன்னான். ஆனால் அப்பாதுரையின் கண் அந்தப் புருவத்தை விட்டு அகலவில்லை. தான் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்ட முகம். அவன் மாப்பிள்ளைக்கும் தங்கையின் கட்டிலுக்கும் நடுவில் வந்து நின்றான்.

"மாப்ள, நீங்க போங்க. என் தங்கச்சி வராது."

தணிகாசலம் பூவைக் கட்டில் ஓரத்தில் வைத்தான். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

நீலாம்பாளும் பட்டம்மாள் வீட்டிலேயே தங்கினாள். கை சேர்ந்ததும் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை கிடைத்தது. விரல்கள் முன்போல் மடங்கவில்லை. பாத்திரம் உருண்டால் இப்போதும் தலையை மூடிக்கொள்வாள். அண்ணன் வீட்டுக்குப் போகும் வழியில் எங்காவது தறிச் சத்தம் காதில் விழுந்தால் உடம்பு வேர்த்துவிடும்.

வருஷம் திரும்புவதற்குள் தணிகாசலம் உத்திரமேரூர்ப் பக்கம் அம்சவேணி என்றொரு பெண்ணைப் பேசியிருப்பதாக அப்பாதுரை வந்து சொன்னான். அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவோம் என்றாள் நீலாம்பாள். மறுபடி அவன் கண்ணில் படுவதா என்று ரேணுகாம்பாள் தயங்கினாள். ஆனால் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள்தான் முன்னால் நின்றாள்.

பெண்ணின் தாய் அவர்களை உள்ளே கூப்பிடவில்லை. நல்ல சம்பந்தத்தைக் கெடுக்க வந்தவர்கள் என்று ஏசினாள். அம்சவேணி கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அவர்கள் தெருமுனையைத் தாண்டும்போது ஓடி வந்து, "அவரு ரொம்ப மெதுவா பேசுறாரேக்கா," என்றாள். நீலாம்பாள் மணிக்கட்டைக் காட்டினாள். அந்தப் பெண் கோணல் எலும்பைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை.

தணிகாசலம் கடையை விற்றுவிட்டுக் காஞ்சிபுரத்தை விட்டுப் போய்விட்டான். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு, கை ஒடிந்து எந்தப் பெண் வார்டுக்கு வந்தாலும் ரேணுகாம்பாள் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய், புருஷன் பேர் என்ன என்றுதான் முதலில் கேட்பாள். பதில் வரும்வரை நீலாம்பாள் சோற்று வாளியோடு வாசலிலேயே நிற்பாள்.