காற்றோட்டமான ஸ்வெட்டர்

சௌந்தரவல்லி அந்த ஸ்வெட்டரை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது, அதன் பின்னல் கண்கள் வழியாகத் தண்டவாளத்தில் நின்ற கூட்ஸ் வண்டி அப்படியே தெரிந்தது. மற்ற பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பின்னியவள் அமிர்தம். இருபத்திரண்டு நாள் உழைப்பு. பாராட்டு வரப்போகிறது என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அமிர்தம், இவ்வளவு லூசா போட்டிருக்கே? காத்து உள்ள பூந்துடுமே."

"பூரட்டும்னுதான்க்கா போட்டேன். நெருக்கமா போட்டா புழுங்கும். தம்பிக்குச் சின்னதுலேருந்தே வேர்க்குரு ஒடம்பு."

ஒருத்தியும் சிரிக்கவில்லை. சரியாகத்தானே சொல்கிறாள் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். விருத்தாசலத்தில் துணி என்றால் காற்று வர வேண்டும், அவ்வளவுதான். ஞாயிறு மதியம் இந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் கூடிப் பின்னும் ஏழு பேரில், ரயில் கார்டின் மனைவி சௌந்தரவல்லி ஒருத்திதான் வடக்கே குடியிருந்தவள். மற்றவர்களுக்குக் குளிர் என்பது மார்கழி விடியலில் இழுத்துப் போர்த்துகிற சங்கதி. ஐப்பசியிலும் கம்பளி நூல் வேர்த்த விரலில் ஒட்டிக்கொள்ளும். பீங்கான் கம்பெனியில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டுகிற அமிர்தம், அங்கிருந்து வெள்ளைப் பொடி கொஞ்சம் முந்தானையில் முடிந்து வருவாள். ஏழு பேரும் அதைக் கையில் பூசிக்கொண்டுதான் பின்னுவார்கள். சூளைச் சுவரில் உள்ளங்கையை வைத்தே உள்ளே எவ்வளவு சூடு என்று அவள் சொல்லிவிடுவாள். குளிர் மட்டும் அவளுக்குக் கேள்வி ஞானம்.

அவளுடைய தம்பி பச்சமுத்து ராணுவத்தில் சேர்ந்து லடாக்கில் இருக்கிறான். அதே படையில் இருக்கும் கம்மாபுரத்து ஆதிநாராயணன் லீவு முடிந்து வியாழக்கிழமை ரயிலேறுகிறான். அவன் கையில் கொடுத்தனுப்பினால் உண்டு. விட்டால் பனி விழுந்து பாதை மூடிவிடும், அப்புறம் சித்திரைதான்.

"அத்தனையும் பிரிச்சுட்டு நெருக்கமா போடணும். அங்க வேர்க்காது, அமிர்தம்."

"வேர்க்காத ஊருன்னு ஒண்ணு இருக்குதாக்கா?" அமிர்தம் எட்டி ஸ்வெட்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தப் பிரிச்சா வியாழக்கெழமைக்கு என்னாத்தக் குடுத்தனுப்புவேன்?"

குளிரை வாயால் சொல்லி விளங்கவைக்க யாரால் முடியும்? சௌந்தரவல்லி ஸ்வெட்டரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுந்திரு என்றாள்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஐஸ் ஃபேக்டரிக்கு ஏழு பேரும் வரிசையாகப் போனார்கள். வேலையாள் விருத்தகிரி வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான். குளிரறையைத் திறக்கச் சொன்னாள் சௌந்தரவல்லி.

"ஐஸ் பாளம் அடுக்கற ரூம்புங்க அது. உள்ள பொம்பளைங்களுக்கு என்னா வேல?"

"இவ கொஞ்ச நேரம் நின்னுட்டு வருவா. கதவச் சாத்துங்க."

அமிர்தம் ஸ்வெட்டரைப் புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கனத்த கதவு மூடியது. முதலில் சுகமாக இருந்தது. இதற்கா இவ்வளவு பேச்சு என்று சிரிக்கக்கூடச் செய்தாள். சிரித்த வாயிலிருந்து புகை வந்தது. பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் குளிர் வந்தது. அவள் பார்த்துப் பார்த்து விட்டுவைத்த ஒவ்வொரு கண் வழியாகவும் தனித்தனியே நுழைந்தது. ஆயிரக்கணக்கான கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டிய விரல்கள் மடங்க மறுத்தன. சூளைச் சூடு தாங்காவிட்டால் நாலடி விலகிக்கொள்ளலாம். இது எந்தப் பக்கம் திரும்பினாலும் இருந்தது. உலகத்தில் இப்படியும் ஒன்று இருக்கிறதா என்று மலைத்துப்போனாள். இந்தச் சின்ன அறைக்கே இப்படி என்றால், வானமும் பூமியும் முழுக்க இதுவாகவே ஓர் ஊர். அதன் நடுவில் பச்சமுத்து ராவும் பகலும் துப்பாக்கியோடு நிற்கிறான். போன கடிதத்தில், இங்கே கொஞ்சம் குளிர், கவலைப்படாதே அக்கா என்று எழுதியிருந்தான். கொஞ்சமாம். அவளுக்கு அழுகை வந்தது.

கதவு திறந்தது. "போதும், வா" என்றாள் சௌந்தரவல்லி.

அமிர்தம் வரவில்லை. ஸ்வெட்டரைக் கழற்றினாள். பற்கள் கிடுகிடுக்கத் தோள் தையலைக் கடித்து அறுத்து, நூல் நுனியைத் தேடி இழுத்தாள்.

"மூணு நாளு இருக்குதில்லக்கா. ஆளுக்கொரு துண்டு போட்டா முடிஞ்சிடும்."

"முடிச்சிடலாம். வெளிய வந்து பிரி."

"நீங்க சுத்துங்க. நான் செத்த நேரம் இங்கயே நிக்கிறேன்."

குளிர் வீணாகிறதே என்று சொல்ல வாயெடுத்த விருத்தகிரி, சொல்லாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே வெண்புகையில் அவள் வரி வரியாகப் பிரிக்க, சுருள் சுருளாக நூல் வாசற்படியைத் தாண்டி வெயிலுக்கு வந்தது. சௌந்தரவல்லி சுற்றிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நின்றவள் நூலைத் தொட்டுப் பார்த்தாள். ஐஸ் போலச் சில்லிட்டிருந்தது. அவள் நகர்ந்துகொள்ள, அடுத்தவள் வந்து தொட்டாள்.