தூங்காமல் வந்தவர்

வேலை பார்த்த பத்திரிகையை இழுத்து மூடிவிட்ட பிறகு அவள் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். தட்டுகளை மறுபக்கம் தள்ளிவிட்டுக் கணினியை வைத்து, 'எழுதித் தரப்படும், திருத்தித் தரப்படும்' என்று இணையத்தில் விளம்பரம் போட்டாள்.

"என்னையும் திருத்திடுவியா?" என்று கேட்டான் கணவன்.

"அவ்ளோ பெரிய வேலையெல்லாம் எடுக்கறதில்ல" என்றாள்.

செய்தி அறையில் அவளுக்குக் கமா அக்கா என்று பெயர். ஒரு கால்புள்ளிக்காக ஆசிரியரோடு மல்லுக்கு நின்றவள். இதழியல் படித்துவிட்டு நீதிமன்றம், நகராட்சி என்று செருப்புத் தேய அலைந்து செய்தி சேகரித்தவளுக்கு, இப்போது கிடைத்ததெல்லாம் பல் மருத்துவரின் துண்டறிக்கையும் ஓய்வுபெற்றவர்களின் சுயசரிதையும்தான். வருவதை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை.

லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்று தன் இணையதளத்தைத் திருத்தக் கொடுத்தது. அதன் மேலாளர் தன்மையானவர். பிழையைச் சுட்டினால் நன்றி சொல்வார். ஒரு காலையில் அவரே அழைத்தார். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டைப் பழுதுபார்த்த மெக்கானிக் தவறி விழுந்து இறந்துவிட்டாராம். நிறுவனத்தின் பெயரில் இரங்கல் அறிக்கை வேண்டும், படித்தால் மனசு கரைய வேண்டும் என்றார்.

இறந்தவரின் பெயரும் வயதும் வந்து சேர்ந்தன. அதை வைத்து எழுதிக் கொடுத்திருந்தால் அன்றோடு போயிருக்கும். ஆனால் இறந்தவர் பெயரை வீட்டாரிடம் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பது அவளுக்கு ஊறிப்போன பழக்கம். தொலைபேசி எண்ணை வாங்கி அந்த வீட்டுக்கு அழைத்தாள்.

எடுத்தது மெக்கானிக்கின் மனைவி. கம்பெனிக்காக எழுதுகிறவள் என்று சொல்லித்தான் கமா அக்கா பேச்சைத் தொடங்கினாள். பெயரில் ஓர் எழுத்து தப்பாகத்தான் இருந்தது. திருத்திக்கொண்டு, அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டாள்.

"இதுவரைக்கும் யாரும் அதைக் கேக்கலைங்க" என்றாள் அந்தப் பெண். அப்புறம் மடை திறந்த மாதிரி கொட்டினாள். முந்தின இரவு மகளுக்குக் காய்ச்சல். ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு விடியும்வரை அவர் உட்கார்ந்திருந்தார். லீவு போடச் சொன்னதற்கு, அந்தக் கட்டடத்தில் வயசானவங்க இருக்காங்க, படி ஏற முடியாம தவிப்பாங்க என்று கிளம்பிப் போனார்.

அறிக்கைக்கு உயிர் அங்கேதான் என்று கமா அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அதையே முதல் வரியாக வைத்தாள். எழுதும்போது அவளுக்கே கண் கலங்கியது. மேலாளர் வெகுவாகப் பாராட்டினார்.

சில நாள் கழித்து நிறுவனத்தின் அறிக்கை செய்தித்தாளில் வந்தது. இரவு முழுவதும் உறங்காமல், அதை மேற்பார்வையாளரிடம் தெரிவிக்காமல், அவர் பணிக்கு வந்ததே விபத்துக்குக் காரணம் என்றிருந்தது. அதற்குக் கீழே ஆழ்ந்த இரங்கல்.

உடனே மேலாளரை அழைத்தாள். அவர் குரலில் பழைய தன்மை மாறவில்லை. "நீங்க எழுதினதுதானே மேடம்? வக்கீல் கொஞ்சம் மாத்தினார், அவ்வளவுதான்."

"அவருக்கு சேஃப்டி பெல்ட் குடுத்திருந்தீங்களா சார்?"

"அது உங்க வேலை இல்ல மேடம்" என்று வைத்துவிட்டார்.

கணவன் ஆறுதல் சொல்லப் பார்த்தான். நீ பொய் ஒன்றும் எழுதவில்லையே என்றான்.

"பொய்யா இருந்தா மறுத்துடலாம்" என்றாள் அவள். "இதை எப்படி மறுக்கறது?"

மறுநாள் அந்த வீட்டைத் தேடிப் போனாள். தொலைபேசியில் சொல்லித் தப்பித்துக்கொள்ள மனம் வரவில்லை. உள்ளே ஒரே அறை. காய்ச்சல் தெளிந்த சிறுமி தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். கட்டிலில் செய்தித்தாள் கிடந்தது. வந்தவள் யாரென்று தெரிந்ததும் அந்தப் பெண் மகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"நான் உங்ககிட்ட சொன்னதுதானே இது?"

"ஆமாங்க." கமா அக்கா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தான் முதலில் எழுதியது பத்திரமாக இருக்கிறது, தொழிலாளர் துறை விசாரணையில் வந்து அதைக் கொடுக்கிறேன், பெல்ட் விஷயத்தையும் கேட்கவைக்கிறேன் என்றாள்.

அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. "இனிமே அவரைப் பத்தி யார் கேட்டாலும் வாய் திறக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

சொன்னபடி கமா அக்கா விசாரணைக்குப் போனாள். அதற்குள் நிறுவனம் அவளை விலக்கிவிட்டது. அவர்கள் சொல்லி வந்த வேறு வேலைகளும் நின்றுபோயின. பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கின் மனைவி இவள் பக்கம் திரும்பவே இல்லை. அதிகாரி அவள் எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்தார். பெல்ட் பற்றி நிறுவனத்திடம் விளக்கம் கேட்பதாகச் சொல்லிக் குறித்துக்கொண்டார். அது ஒன்றுதான் அவள் வந்ததற்குப் பலன். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்:

"அவர் ராத்திரி தூங்காம வேலைக்கு வந்தார்ங்கறது உண்மையா, இல்லையா?"

"சார், குழந்தைக்கு..."

"உண்மையா, இல்லையா?"

பெஞ்சின் அந்தக் கோடியில் எந்த அசைவும் இல்லை.

"உண்மைதான் சார்" என்றாள் கமா அக்கா. எழுத்தர் அதை எழுதிக்கொண்டார்.