பெரியப்பா மகன் குடும்பம் இல்லையாம்

“குடும்பத்துல ஒரு சாவு விழுந்தா பணம் திரும்பக் கிட்டும்னு நீ பறஞ்சியா இல்லியா? அத மட்டும் சொல்லு!”

“பறஞ்ஞு சேட்டா. பக்‌ஷே மரிச்சது குடும்பமல்லல்லோ.”

“பின்ன யாருடே? ரோட்டுல போனவனா?”

கிழக்கேகோட்டையில் அந்த டிராவல்ஸ் ஆபீஸ் மாடியில் இருக்கிறது. நான் படியேறும்போதே என் வீட்டுக்காரர் தாணுலிங்கத்தின் சத்தம் கீழே பூக்கடை வரைக்கும் கேட்டது. அவர் சத்தம் போடுகிற ஆளே இல்லை. ஆரியசாலையில் ஒரு மொத்தக்கடையில் கணக்கு பார்க்கிறார். முதலாளி திட்டினாலும் பேனாவை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

விஷயம் இதுதான். துவாரகைக்கும் சோமநாதத்துக்கும் போக நான், அவர், மகள் அஞ்சு மூன்று பேருக்கும் விமான டிக்கெட், ரூம் எல்லாம் போட்டிருந்தோம். நான் சிட்டி, அதாவது சீட்டு, கட்டிச் சேர்த்த பணம். சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை. இது ஒன்றுதான் நானாக ஆசைப்பட்டுக் கேட்டது.

பணம் கட்டும்போதே இந்த ஆபீஸ் மலையாளி ஏஜென்ட் ஜிஜியிடம் கேட்டேன்.

“வீட்டுல ஒரு சாவு கீவு விழுந்து போவ முடியலன்னா?”

“பேடிக்கண்டா சேச்சி, பயம் வேண்டா. இன்ஷூரன்ஸ் எடுத்தா ஃபுல் பைசாவும் திரும்பக் கிட்டும். விவரம் அறிஞ்ச உடனே விளிச்சுச் சொல்லணும், அவ்வளவுதான்” என்றான். எடுத்தோம்.

புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது சுசீந்திரத்திலிருந்து ஃபோன். இவருடைய பெரியப்பா மகன் பகவதிப்பெருமாள் அத்தான் போய்விட்டார். நல்ல மனுஷன், பாவம். ஆனால் பங்காளி. பதினாறு கழியாமல் நாங்கள் கோயில் வாசலை மிதிக்க முடியாது. அன்றைக்கே ஜிஜிக்குச் சொல்லிவிட்டோம். பணம் வரும் என்று நம்பி உட்கார்ந்திருந்தால், இல்லை என்று பதில் வந்திருக்கிறது.

ஜிஜி கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான். “சேச்சி, இதில ஃபேமிலின்னா புருஷன், பொண்டாட்டி, மக்கள், அப்பா அம்மா, மாமியார் மாமனார், கூடப்பிறந்தவங்க. கசின் இல்ல.”

“எனக்கு குற்றாலலிங்கம்னு ஒரு தம்பி உண்டு. அவன் செத்திருந்தா?”

“முழு பைசாவும் கிட்டும்.”

எனக்குத் தலைக்கேறிவிட்டது.

“கூடப்பொறந்தவன் செத்தா, கெட்டிக்குடுத்த எனக்கு மூணே நாள் தீட்டு. குளிச்சிட்டு நான் கோயிலுக்குப் போலாம். அதுக்கு முழுப்பணம்! கல்யாண வீட்டுல ரெண்டு தடவ பாத்த மனுஷன் போனா பதினாறு நாள் நான் வெளியில நிக்கணும். அதுக்கு ஒரு பைசா கிடையாது. இது எந்த ஊரு நியாயம்டே?”

“சேச்சியோட தம்பிக்கு இப்ப சுகந்தானா?”

“சுகமாத்தான் இருக்கான். அவன் ஃபோட்டோவுக்கு மாலை போட்டுக் கொண்டுவரட்டா, பணம் தருவியா?”

இவர் களுக்கென்று சிரித்துவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கீழே இறங்கியதும் பஸ் ஸ்டாண்டு பக்கமே பிடித்துக்கொண்டேன்.

“சிரிக்கியளோ? அன்னைக்கு அந்த ஃபோன யாரக் கேட்டு ஸ்பீக்கர்ல போட்டிய?”

எங்கள் பக்கத்தில் சேதி காதில் விழுந்தால்தான் தீட்டு. விழாதவரைக்கும் போகிறவர்கள் போகலாம், வருகிறவர்கள் வரலாம்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மொதல்ல நான் தனியாத்தான் கேட்டேன் மங்கலம். நீ பெட்டியில சேலைய மடிச்சு வச்சிட்டிருந்த. யாருக்கும் சொல்லாம மிண்டாம இருந்திரலாம்னுதான் நெனச்சேன். கடையில லீவு கிட்டலன்னு பொய் சொல்லிட்டு, உங்க ரெண்டு பேரயும் ஏத்தி விட்டிரலாம்னு.”

“பின்ன?”

“இன்ஷூரன்ஸ் இருக்கே, பணம் எங்கயும் போவாதே, பின்ன எதுக்கு சாவ மறைச்ச பாவம்னு தோணிச்சு. நானே திரும்ப விளிச்சு ஸ்பீக்கர்ல போட்டேன்.”

நடுரோட்டில் அப்படியே நின்றுவிட்டேன். பணத்தைக் காப்பாற்றத்தான் அந்த இன்ஷூரன்ஸ். அது மட்டும் இல்லையென்றால் இந்த மனுஷன் வாயைத் திறந்திருக்க மாட்டார், நானும் அஞ்சுவும் இந்நேரம் துவாரகையில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்போம். காசும் கொடுத்து, போகாமலும் ஆக்கிக்கொண்டோம்.

இவரை அங்கேயே விட்டேன். திரும்பப் படியேறினேன்.

“ஜிஜி, தரமாட்டோம்னு சொன்னத பேப்பர்ல அடிச்சுக் குடு. மேல யாருக்கு எழுதணுமோ அந்த அட்ரஸும் வேணும். நீ ‘குடும்பம்’னு சொல்லித்தான் வித்த. அதையும் சேத்து எழுதுவேன்.”

அவன் முகம் மாறிவிட்டது. உடனே அடித்தான். நீட்டும்போது மெதுவாக, “எழுதுங்க சேச்சி. நானும் அப்படிப் பறஞ்சதா கையொப்பு போட்டுத் தரேன். பக்‌ஷே பங்காளி யாருன்னு அவங்களுக்கு எப்படி மனசிலாக்கிக் குடுப்பீங்க?” என்றான்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் கொடுத்து எழுதச் சொன்னேன். அஞ்சு இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டு, “அம்மா, வாசிச்சா நமக்கே சிரிப்பு வருது” என்று கிழித்துவிட்டாள். பெட்டி இன்னும் கட்டிலுக்கடியில் அப்படியே இருக்கிறது. சேலையை வெளியே எடுக்க எனக்கு மனசில்லை.

அதனால்தான் இங்கே கேட்கிறேன். பங்காளி வீட்டுச் சாவில் பயணம் நின்றுபோய், கம்பெனியோடு சண்டை போட்டுப் பணம் வாங்கியவர்கள் உங்களில் யாராவது உண்டா? அவர்களுக்குப் புரிகிற மாதிரி என்ன எழுதினீர்கள், எந்தச் சான்று வைத்தீர்கள்? ஆறுதல் வேண்டாம், எழுதிய வாசகம்தான் வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து கீழே பதில் போடுங்கள்.