பங்கர் நிறைந்த சேதி

சவப்பெட்டி வாசலில் சிக்கிக்கொண்டது. குவார்ட்டர்ஸ் கதவுகள் எல்லாம் ஒரே அளவு. ஜெப்ரினுக்கென்று அகலமாகச் செய்த பெட்டி நுழையவில்லை.

"சாய்க்காதீங்க, பின்னுக்கு எடுங்க" என்றாள் ஏஞ்சலின்.

கடைசியில் பெட்டியை வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு, அவள் தம்பி ஜெப்ரினைப் போர்வையோடு எட்டுப் பேர் வெளியே கொண்டுவந்து கிடத்தினார்கள். முப்பத்துநான்கு வயது. நூற்று அறுபது கிலோ. விடிகாலையில் தூக்கத்திலேயே போயிருந்தான். இருபத்தைந்தைத் தாண்ட மாட்டான் என்று டாக்டர்கள் சொல்லியிருந்ததால், அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு பிறந்தநாளையும் அந்த வீடு கூடுதல் கும்மாளமாகவே கொண்டாடியிருந்தது.

நெல்லிக்குப்பத்திலிருந்து வந்திருந்த ஆரோன் மாமா, அம்மாவின் தம்பி, செல்போனை எடுத்தார்.

"வண்டிக்குச் சொல்லிடறேன். சர்ச் வாசல்லயே இறக்கிடலாம்."

"வேணாம் மாமா. தோள்ல போகட்டும்."

"இவனையா? தின்னுகினே இருந்தான், எழுந்து நாலு எட்டு நடந்தானா? இப்ப யாரு இடுப்ப ஒடிச்சிக்கிறது?"

இந்த பிளாக்கில் இறந்த எல்லாரும் தோளில்தான் போனார்கள். தம்பி மட்டும் ஏற்றி இறக்குகிற சரக்காகப் போகக் கூடாது. ஏஞ்சலினுக்கு இன்று வேண்டியது அவ்வளவுதான். அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா சேவியர்ராஜ் பக்கத்து நாற்காலியைத் தட்டினார். அனல்மின் நிலையத்தின் கண்ட்ரோல் ரூமில் முப்பது வருஷம் இருந்தவர். எதையும் விளக்காமல் விடமாட்டார்; இன்றைக்கும்.

"ஆரோன், உட்காரு. கரி வந்து விழற தொட்டி, பங்கர், நிறைஞ்சா என்ன ஆவும்?"

"சிக்னல் வரும். கரி கொண்டார்ற பெல்ட்ட நிறுத்துவீங்க."

"அதேதான். உடம்புல கொழுப்பு சேர்ந்தா, அதுவும் ரத்தத்துல ஒரு சேதி அனுப்புது. மூளைக்கு அடியில ஹைபோதலாமஸ்னு ஒரு இடம், பாதாம்பருப்பு அளவுதான். அங்க இருக்கிற செல்லுங்க சேதியப் படிச்சி, 'போதும், எழுந்து நட'ன்னு சொல்லும். பதினோரு வயசுல இவனுக்கு எடுத்தாங்களே கட்டி, அது அந்த எடத்த ஒட்டி இருந்தது. கட்டியோட அந்த செல்லுங்களும் போயிடுச்சி."

"அப்புறம்?"

"பங்கர் நிறைஞ்சி வழியுது. சிக்னலும் வருது. பார்க்க கண்ட்ரோல் ரூம்ல ஆள் இல்ல. காலின்னு நெனச்சி பெல்ட் ஓடிகினே இருக்கு. அதுக்கு மேல, கரி பத்தாதுன்னு பாய்லரையும் கொறச்சி ஓட்டுறாங்க. அதான் அவனால நடக்க முடியல. எப்பவும் பட்டினி கெடக்கிற உடம்பு அது, ஆரோன்."

ஆரோன் மாமா செல்போனைச் சட்டைப் பையில் போட்டார். "இத ஏன் எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"பத்து தடவ சொன்னேன். நீ முறுக்கு டப்பாவ ஒளிச்சி வைக்கிறதுலயே இருந்த."

அழுதுகொண்டிருந்த அம்மா மார்த்தாள் சட்டென்று சிரித்துவிட்டாள். "அதையும் அவன் கண்டுபிடிச்சிடுவான்" என்றாள்.

அப்போதுதான் பக்கத்து வடக்குத்து கிராமத்திலிருந்து வேணு வந்தான். நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டுக்கு ரோலர் மாற்றுகிற கான்ட்ராக்ட் ஆள். ஞாயிறுதோறும் ஜெப்ரினோடு கேரம் ஆடித் தோற்கிறவன். பின்னால் பதினைந்து பேரும் இரண்டு நீளமான சவுக்குக் கழிகளும்.

"வண்டின்னு யாரோ சொன்னாங்க, எதுக்குக்கா? வெயிட் தூக்கறது எங்களுக்கு டெய்லி வேலை. ஒரே ஆள் மேல வெயிட் போவக் கூடாது, அவ்ளோதான்."

பெட்டிக்கடியில் கழிகளைக் கொடுத்துக் கட்டினார்கள். வேணு ஆட்களை உயரம் பார்த்துப் பக்கத்துக்கு ஆறு பேராக நிறுத்தினான். "ரெடி... தூக்கு!" என்றான். பெட்டி ஆடாமல் எழுந்தது. ஏஞ்சலின் அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டாள்.

பாதி வழியில் தோள் மாற்றுகையில், ஆரோன் மாமா யாரையும் கேட்காமல் உள்ளே புகுந்தார். முன்னும் பின்னும் நெட்டையான ஆட்கள். கழி அவர் தோளுக்கு நான்கு விரல் மேலேயே போனது. வேணு திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தான்.

மாமா கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கழியின் அடியில் அழுத்திக்கொண்டார். சட்டை முழுக்க வேர்த்திருந்தது. சர்ச் வரைக்கும் அவர் அந்தக் கையை இறக்கவில்லை.